இட்டேரியில் தொடங்கும் தடம்: பல்லடம் வட்டாரத்தில் இயற்கை, பண்பாட்டு நடைவழிகளைத் திட்டமிடல்

ஆய்வுச்சுருக்கம்

ஊரகச் சுற்றுலாவுக்கான தடத்திட்டங்கள் பெரும்பாலும் கோயில், அணை, மலை ஆகியவற்றை வாகனச் சாலையால் இணைப்பதோடு நின்றுவிடுகின்றன. பல்லடம் வட்டாரத்தில் அத்தகைய பெருங்காட்சிகள் குறைவு. ஆனால் உயிர்வேலிகளுக்கு இடையே செல்லும் ‘இட்டேரி’ என்னும் பழம்பாதைகள் இங்கு உண்டு. நடைத்தடம் அமைக்க முனைவோர் புதிய பாதை போடாமல் இட்டேரிகளை மீட்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், வேலியையும் மேய்ச்சல் நிலத்தையும் காப்போரின் வருவாயை முதற்கூறாகக் கொள்ளாத தடம் தான் காட்ட வந்ததையே இழக்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: இட்டேரி, கொறங்காடு, உயிர்வேலி, ஊரகச் சுற்றுலா, நொய்யல், தாங்குதிறன், கொங்கு நாடு

முன்னுரை

பல்லடம் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருபவை விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணையுமே. கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவே செல்கிறது. வடக்கே திருப்பூருக்கும் தெற்கே உடுமலை, பொள்ளாச்சிப் பகுதிகளுக்கும் செல்லும் சாலைகள் இங்கே பிரிகின்றன. திருப்பூரே ஒரு காலத்தில் பல்லடம் வட்டத்துக்குள் அடங்கிய ஊராக இருந்தது. பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியால் அந்த நிலை தலைகீழாகி, 2009இல் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் உருவானது. பல்லடம் அதில் ஒரு வட்டமாயிற்று. வழியில் கடந்துபோகும் ஊராகவே இதனைப் பலரும் அறிவர். வந்து தங்கிப் பார்க்கும் ஊராக எவரும் கருதுவதில்லை.

இந்தக் கருத்து முற்றிலும் தவறென்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மலைவாழிடமோ அருவியோ பெருங்கோயிலோ இல்லாத வறள்நிலத்தில் அவை இருப்பதுபோல் விளம்பரம் செய்யும் திட்டங்கள் ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்படுகின்றன. இந்நிலத்தில் உண்மையில் இருப்பது எது, அதனை யார் வந்து பார்ப்பர், பார்ப்பதனால் அது நிலைக்குமா அழியுமா என்பவையே திட்டமிடுவோர் கேட்க வேண்டிய வினாக்கள்.

தடமும் சுற்றுவழியும்

சுற்றுலாத் துறையின் வழக்கில் ‘சுற்றுவழி’ என்பது பல இடங்களைப் பேருந்திலோ மகிழுந்திலோ இணைப்பது. அதில் இடங்கள் முதன்மை பெறுகின்றன. இடைப்பட்ட வழி வெறும் நேர விரயம். நடைத்தடத்தில் வழியே காட்சியாகிறது. கொங்கு வட்டார வழக்கில் ‘தடம்’ என்ற சொல் இன்றும் பாதையையே குறிக்கிறது. ‘இந்தத் தடத்துல போனா ஊரு வந்துரும்’ என்று சொல்லும் முதியவருக்கு நாம் ஒரு புதிய கலைச்சொல்லைக் கற்பிக்க வேண்டியதில்லை.

பாதையின் வரலாறும் இங்கே நீண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த வணிகவழிகள் கொங்கின் ஊடாகவே சென்றன. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள பாறைக் கல்வெட்டு ‘இராசகேசரிப் பெருவழி’யைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அது வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பது, பாதையில் சென்றோர் இருவேறு எழுத்துகளைப் படித்தவர்கள் என்பதைக் காட்டுகிறது. நொய்யலின் வடகரையில் சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய சான்றுகளும் மணிகள் செய்த தடயங்களும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களில் வரும் ‘கொடுமணம்’ இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொள்ளும் முடிபு. காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் பச்சைக்கல் வெட்டியெடுக்கப்பட்டதும் அறியப்பட்டதே. ஆடையை ஏற்றுமதி செய்யும் இன்றைய வட்டாரம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணியை ஏற்றுமதி செய்தது என்று இதனைச் சுருக்கிச் சொல்வது கவர்ச்சியாக இருக்கும். ஆயினும் நடந்துபோகும் ஒருவரின் காலடியில் அந்தப் பெருவழி இன்று தென்படுவதில்லை. தென்படுவது இட்டேரிதான்.

இட்டேரி

இருபுறமும் உயிர்வேலி நிற்க, நடுவே ஒரு மாட்டுவண்டி செல்லும் அகலத்தில் அமைந்த மண்பாதையே இட்டேரி. கொங்கில் ‘காடு’ என்பது மானாவாரி நிலம். ‘தோட்டம்’ என்பது கிணற்றுப் பாசன நிலம். ஒவ்வொரு காட்டையும் தோட்டத்தையும் அதனதன் வேலி சூழ்ந்திருப்பதால், இரு நிலங்களின் வேலிகளுக்கு இடையே விடப்பட்ட இடைவெளியே பாதையாயிற்று. ஆடுமாடுகள் பயிருக்குள் இறங்காமல் மேய்ச்சலுக்குச் செல்லவும், எருவண்டி வரவும், மழைநீர் வடியவும் அதுவே வழி. பல இட்டேரிகள் மழைக்காலத்தில் சிற்றோடைகளாகிப் பின் குளம் குட்டைகளில் சேர்வதைக் காணலாம்.

வேலியின் முதன்மைத் தாவரம் முள்கிளுவை. கிளையை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும், வறட்சியில் இலை உதிர்த்து நிற்கும், மழைக்குத் தளிர்க்கும். அதனூடே சங்கஞ்செடி, திருகுகள்ளி, கற்றாழை, ஆவாரை ஆகியவை வளர, பிரண்டையும் கோவையும் முடக்கத்தானும் வேலிப்பருத்தியும் மேலே படர்கின்றன. கௌதாரியும் காடையும் செம்போத்தும் கீரியும் உடும்பும் இவ்வேலியிலேயே வாழ்கின்றன. பயிர்நிலம் முழுதும் உழப்படும் ஒரு வட்டாரத்தில் உழப்படாத நிலம் இதுவே. காடு என்று தாவரவியலார் சொல்லும் பொருளில் இங்கே மிஞ்சியிருக்கும் காடும் இதுவே எனலாம். நாட்டு மருந்துக்கு இலை பறிக்க மூதாட்டிகள் இன்றும் இட்டேரிக்கே செல்கின்றனர். இட்டேரியில் பேயும் முனியும் உலவும் கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. இருட்டியபின் குழந்தைகள் அங்கே செல்லாதிருக்கச் சொல்லப்பட்ட கதைகள் என்று அவற்றை எளிதாகத் தள்ளிவிடலாகாது. எந்த மரத்தடியில் எந்தக் கதை சொல்லப்படுகிறது என்பதே ஓர் ஊரின் நினைவு வரைபடம்.

இட்டேரிகள் இன்று இரு வகையில் மறைகின்றன. ஒன்று, இருபுறத்து உரிமையாளரும் வேலியை வெட்டிக் கம்பிவேலியோ மதிற்சுவரோ வைத்துப் பாதையை நெருக்குவது. மற்றொன்று, வளர்ச்சிப் பணி என்ற பெயரில் வேலியை இயந்திரத்தால் வழித்தெறிந்து தார் ஊற்றுவது. பின்னதை ஊரார் விரும்பியே கேட்கின்றனர் என்பதை மறைக்கக் கூடாது. மழையில் சேறாகும் பாதையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் தாய்க்கு இட்டேரியின் பல்லுயிர் வளத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்ற நமக்கு உரிமையில்லை. எனவே எல்லா இட்டேரிகளையும் காப்பது திட்டமாகாது. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் செல்லும் இட்டேரிகள் சாலையாகட்டும். காட்டுக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் மட்டும் செல்பவற்றுள் தொடர்ச்சியாக அமைந்தவற்றைத் தேர்ந்து மண்பாதையாகவே நிறுத்துவதே இயலக்கூடியது.

முதல் ஆவணம்

தடம் வகுக்கப் புறப்படுவோர் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்திலிருந்து தொடங்குகின்றனர். பல்லடத்தைப் பொறுத்தவரை கிராம வரைபடமும் புலப்பட நூலும் ‘அ’ பதிவேடுமே முதலில் பார்க்கப்பட வேண்டியவை. ஓர் இட்டேரி வண்டிப்பாதைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கலாம். பட்டா நிலத்துக்குள் வழக்கத்தால் மட்டும் பாதையாக இருக்கலாம். முன்னதில் ஆக்கிரமிப்பை நீக்கக் கேட்க முடியும். பின்னதில் உரிமையாளரின் இசைவின்றி ஓர் அடிகூட வைக்க இயலாது. இந்த வேறுபாட்டைக் குறிக்காமல் வரைந்த தடவரைபடம், வெளியான மறுநாளே ஊரில் வழக்கை உண்டாக்கும்.

இங்கிலாந்தில் நடைவழிகள் இன்று ஊரகப் பொருளாதாரத்தின் ஒரு கூறாக இருப்பதற்கு அழகிய நிலக்காட்சி மட்டும் காரணமன்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்கு நடக்க உரிமையுள்ள பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடமாக்கும் பொறுப்பை உள்ளூர் ஆட்சி அமைப்புகளுக்கு அளித்தது. பென்னைன் நெடுந்தடம் 1965இல் திறக்கப்பட்டது அதன் பிறகுதான். உரிமையின் பதிவு முந்தியது, சுற்றுலா பிந்தியது. இலங்கையின் மலையகத்தில் 2023இல் தொடங்கப்பட்ட ‘பெக்கோ தடம்’ 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. தேயிலையைக் கொண்டுசெல்லப் போடப்பட்ட பழம்பாதைகளையே அது பெரிதும் பயன்படுத்திக்கொண்டது. அத்தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரின் கதை அத்தடத்தில் எவ்வளவு சொல்லப்படுகிறது என்பது நம்மவர் தனியே ஆராய வேண்டிய பொருள். ஆயினும் புதிய பாதை போடாமல் பழைய பாதையை இணைத்த முறை நமக்குப் பொருந்துவது.

கொறங்காடு: வேலிக்கு உள்ளே

பல்லடத்திலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே பொங்கலூர், அவிநாசிபாளையம் கடந்து காங்கேயம் நோக்கிச் செல்லச் செல்ல இட்டேரிக்கு அப்பாலுள்ள நிலத்தின் தன்மை மாறுகிறது. தோட்டங்கள் குறைந்து கொறங்காடுகள் தென்படுகின்றன. கொறங்காடு பொது மேய்ச்சல் நிலமன்று. தனியாரின் பட்டா நிலம். கிளுவை வேலியால் பகுக்கப்பட்டு, கொழுக்கட்டைப் புல் தரையாகவும் வெள்வேல மரங்கள் இடையிடையே நிழலாகவும் அமைய, காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் மேய்வதற்கென்றே பேணப்படுவது. மழைக்குப்பின் புல் வளர்ந்து விதை முற்றும்வரை நிலம் ஓய்வில் விடப்படுகிறது. கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய் தீவனமாகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது தானியம் விதைத்து மீண்டும் மேய்ச்சலுக்கு விடுவதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த, வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பிய நிலத்தில் மனிதர் கண்டறிந்த மிகச் சிக்கனமான நிலப்பயன்பாடு இது.

இன்று இது நெருக்கடியில் இருக்கிறது. உழவுக்கும் இறைப்புக்கும் இயந்திரம் வந்தபின் மாட்டின் தேவை குறைந்தது. நெடுஞ்சாலையோர நிலம் மனைகளாகிறது. 2017ஆம் ஆண்டு சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டுமாடுகள் மீது கவனம் திரும்பியது உண்மை. ஆனால் மாட்டைப் போற்றியோர் அது மேய்ந்த நிலத்தைப் பற்றி அதே அளவு பேசவில்லை. குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இனத்தையும் நிலத்தையும் சேர்த்தே பேசிவருவதால், இப்பகுதியில் தடம் வகுப்போர் முதலில் கலந்து பேச வேண்டிய அமைப்புகளுள் ஒன்றாகும்.

சுற்றுலா கொறங்காட்டுக்கு உதவுமா? கவனமின்றி வகுத்தால் கெடுக்கும். பார்வையாளர் உள்ளே நுழைந்தால் ஓய்வில் விட்ட புல் மிதிபடும். படலைத் திறந்துவிட்டு மறந்தால் மாடு பக்கத்துச் சோளத்தில் இறங்கும். அன்று மாலையே தடம் மூடப்படும். இட்டேரி வழித்தடத்தின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. நடப்போர் வேலிக்கு வெளியே நடந்து, வேலியின் இடைவெளியில் மேய்ச்சலைக் காண்கின்றனர். உள்ளே நுழையும் இடம் ஒன்றே ஒன்றாக, உரிமையாளரோ மேய்ப்பவரோ உடன்வரும் இடமாக இருந்தால் போதும்.

அவருக்கு என்ன கிடைக்கும் என்பதே அடுத்த வினா. நுழைவுக்கட்டணத்தில் ஒரு பங்கு என்ற வழக்கமான விடை போதாது. கட்டணத்தொகை சிறிது, மனைவிலையோ பெரிது. அந்த இடைவெளியைச் சுற்றுலா நிரப்பும் என்று எழுதும் திட்ட அறிக்கைகளை நம்ப வேண்டாம். தடம் செய்யக்கூடியது சற்றே வேறு. கொறங்காட்டைக் காக்கும் உரிமையாளருக்கு வேலி புதுப்பிக்கும் செலவை ஈடுசெய்வது, மேய்ப்பவருக்கு வழிகாட்டிக் கூலி தருவது, பாலும் நெய்யும் நடப்போரிடம் நேரடியாக விற்க இடம் தருவது, நிலத்தை விடாமல் வைத்திருக்க விரும்பியும் தயங்கி நிற்பவருக்கு ஊரளவில் ஒரு மதிப்பைத் தருவது ஆகியவையே அவை. கேரளத்தில் 2008இல் குமரகத்தில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா முயற்சியில் விடுதிகளின் காய்கறித் தேவை உள்ளூர்ப் பெண்கள் குழுக்களோடு இணைக்கப்பட்டதே அதன் உயிர்நாடி. படகுச் சவாரி அதற்கு முன்பும் இருந்தது.

தறியும் நீரும்

தெலங்கானாவின் போச்சம்பள்ளியை 2021இல் ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாச் சிற்றூர்களுள் ஒன்றாகத் தெரிவு செய்தது. 1951இல் வினோபாவின் பூதான இயக்கம் தோன்றியதும் அவ்வூரிலேயே. நெசவூர் என்பதால் பல்லடத்துக்கு இதனை முன்மாதிரியாகக் காட்டும் ஆசை எழும். ஆனால் அங்கே உள்ளது சாயமிட்ட நூலில் உருவம் நெய்யும் கைத்தறி. பல்லடத்தில் பெரும்பான்மை கூலிக்கு நெய்யும் விசைத்தறி. நெய்த அளவுக்கே கூலி என்பதால், பார்வையாளருக்கு விளக்கம் சொல்லத் தறியை நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளிக்கு இழப்பு. தறிக்கூடத்தின் ஒலியில் விளக்கம் கேட்கவும் முடியாது. ஓய்வுபெற்ற நெசவாளர் ஒருவருக்குக் கூலி கொடுத்து, இயங்காத ஒரு தறியைக் கொண்டு விளக்கச் செய்வது நடைமுறைக்கு ஏற்றது. கூலி உயர்வுக்காகத் தறிகள் நிறுத்தப்பட்ட போராட்டங்களையும் அவர் சொல்லட்டும். அவிநாசிக்கு அருகே திருமுருகன்பூண்டியில் கற்சிற்பிகளின் பட்டறைகள் சாலையோரமே அமைந்திருப்பதால் அங்கே இச்சிக்கல் குறைவு. சுந்தரர் பதிகம் பெற்ற பூண்டி, அவிநாசிக் கோயில்களையும் அப்பட்டறைகளையும் ஒரே காலை நடையில் இணைக்கலாம்.

நீர்த்தடத்தின் மையம் திருப்பூருக்கு வடகிழக்கே உள்ள நஞ்சராயன் குளம். நல்லாற்றின் நீரைப் பெறும் 125.865 எக்டேர் பரப்புள்ள இக்குளம், 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகத்தில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அப்பட்டியலுக்கான விவரங்களில் 191 பறவை வகைகள் குறிக்கப்பட்டுள்ளன. அருகே சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்ரீசுவரர் கோயில் இருப்பதால் குளமும் கோயிலும் ஒரே தடமாகின்றன. கரை முழுதும் நடைபாதை போடும் ஆவலை இங்கே அடக்க வேண்டும். பறவைகள் ஒதுங்க மறுகரை ஆளரவமின்றி இருத்தல் வேண்டும்.

நொய்யலைப் பற்றிச் சொல்லாமல் இவ்வட்டாரத்தில் நீர்த்தடம் அமைப்பது பொய்யாகும். சாயக்கழிவால் ஆறு கெட்டதும், ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத நீரைத் தேக்கி நின்றதும், உழவர் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத சுத்திகரிப்பு கட்டாயமானதும் இந்நிலத்தின் பண்பாட்டு வரலாறே. பருவத்துக்குப் பருவம் ஆடை வாங்கத் திருப்பூர் வரும் வெளிநாட்டு வணிகர் இதைக் கேட்க விரும்புவர், தயங்குவோர் நாமே.

எத்தனை பேர், எந்நாளில்

தடத்தின் தாங்குதிறனைக் கணிக்க 1992இல் மிகுவேல் சிஃபுவேந்தசு வகுத்த முறை பரவலாகப் பயன்படுகிறது. மூன்று படிகளில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவது அதன் இயல்பு. எடுத்துக்காட்டாக 3 கிலோமீட்டர் இட்டேரி ஒன்றைக் கொள்வோம். 12 பேர் கொண்ட குழு, அடுத்த குழுவுக்கு இடைவெளி சேர்த்து 500 மீட்டர் எனில் ஒரே வேளையில் 6 குழுக்கள், அதாவது 72 பேர். காலையில் இருமுறை நடந்தால் 144. கோடையின் கடுவெயில் நாள்களும் சேறாகும் நாள்களுமாக ஆண்டில் 120 நாள்களைக் கழித்தால் சராசரி ஏறத்தாழ 96 ஆகிறது. 6 வழிகாட்டிகள் தேவைப்படும் இடத்தில் பயிற்சி பெற்றவர் இருவரே எனில் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 32 பேர். பாதையின் அகலத்தைவிட வழிகாட்டிகளின் எண்ணிக்கையே இறுதி வரம்பு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பணம் செலவிட வேண்டிய இடமும் அதுவே. நுழைவு வளைவுகள் அல்ல.

காலம் ஐப்பசி முதல் மாசி வரை. கொறங்காடு பசுமையாவதும், வலசைப் பறவைகள் வருவதும், பட்டிப்பொங்கல் நடப்பதும் இம்மாதங்களிலேயே. ஆடிக்காற்றில் காற்றாலைகள் சுழலும் காட்சி வேறு வகை அழகு. ஆனால் புழுதியில் மூன்று கிலோமீட்டர் நடப்பவர் அதை ஒருமுறைதான் பாராட்டுவார்.

வருவோர் யார் என்பதில் என் கணிப்பு சற்று மாறுபட்டது. வெளிநாட்டாரை எண்ணியே திட்டங்கள் எழுதப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் பின்னலாடைத் தொழிலாளர், அவர்தம் பிள்ளைகள், வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கியோர் ஆகியோரே இத்தடத்தின் இயல்பான முதற்பார்வையாளர். அவர்களுக்கு நகரப்பேருந்து நிற்கும் இடத்திலிருந்து தடம் தொடங்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் இந்தியும் வேண்டும்.

எவருடைய பண்பாடு

1960களில் காங்கேயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையைப் பாடகர் வாயிலாக ஒலிப்பதிவு செய்தார். கொங்குச் சமூகம் பற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது. உடுக்கையடிப் பாட்டும் வள்ளி கும்மியும் பெருஞ்சலங்கையாட்டமும் தடத்தில் இடம்பெறத் தக்கனவே. எனினும் நிலவுடைமையாளரின் குலதெய்வக் கோயில்களை மட்டும் இணைக்கும் தடம், அந்நிலத்தில் ஆடு மேய்த்தோரையும் கிணற்றிறைப்புக்குத் தோற்பறி தைத்தோரையும் மறைத்துவிடும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ கொங்கின் மேய்ச்சல் காட்டை அருந்ததியச் சிறுவனின் கண்வழியே காட்டும் புதினம். கொறங்காட்டின் அழகைப் பேசும் வழிகாட்டி அதைப் படித்திருத்தல் நலம். தடத்தின் நிறுத்தங்களைத் தெரிவு செய்யும் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தால் யார் வருவர், யார் வெளியே நிற்பர் என்பதையும் எண்ணியே இடம் குறிக்க வேண்டும்.

இதற்கு ஊராட்சியின் கிராமசபையே தகுந்த களம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறுமுறை அது கூடுகிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஊராட்சி தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இட்டேரி வேலிகளைத் தனித்தலைப்பாகச் சேர்த்து, அதன் எல்லை, புல எண், இருபுறத்து உரிமையாளரின் இசைவு, வேலி வெட்டும் பருவம் ஆகியவற்றைத் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளலாம். கல்லூரித் தமிழ்த்துறை மாணவர் இட்டேரிக் கதைகளையும் செடிப்பெயர்களையும் தொகுத்து அதனோடு இணைக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரே ஓர் ஊராட்சி, ஒரே ஓர் இட்டேரி போதும். நவம்பர் 1ஆம் நாள் கிராமசபையில் தீர்மானம் வைத்தால், தை பிறப்பதற்குள் நடந்து பார்த்துவிடலாம்.